சதவீதத்தை விடுங்கள், வாட்டைப் பாருங்கள்

ஏப்ரல் 21, 2025, திங்கள்

லேப்பில் இருக்கும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டில் (ஜிபியு), தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மாடலுக்கு டிரெயினிங் ஓடுகிறது. முதலாண்டு ஆராய்ச்சி மாணவன் வந்து, "அக்கா, ஜிபியு 100 சதவீதத்துல ஓடுது. இதுக்கு மேல வேகம் வேணும்னா புது கார்டுதான் வாங்கணும்" என்றான்.

டெர்மினலில், கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை அடித்தேன். வலது ஓரத்தில் 100% என்றுதான் இருந்தது. அதே வரியின் இடது பக்கத்தில் இன்னொரு எண்: 61 வாட் / 170 வாட். 170 வரை இழுக்கக்கூடிய கார்டு 61-இல் நின்றால், உள்ளே பெரும்பகுதி சும்மா இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்த 100% வேலையின் அளவைச் சொல்வதில்லை, நேரத்தைச் சொல்கிறது. கார்டைப் பொறுத்து 1/6 நொடி முதல் 1 நொடி வரையிலான இடைவெளியில், ஏதாவது ஒரு கெர்னலாவது (கார்டில் ஓடும் சிறு நிரல்) ஓடிக்கொண்டிருந்த நேரம் எத்தனை சதவீதம் என்பதே அது. 3060-க்குள் கணக்குப் போடும் அலகுகள், அதாவது எஸ்எம்கள், 28 இருக்கின்றன. ஒன்று மட்டும் உழைத்து 27 காத்திருந்தாலும் 100 காட்டும். பத்து கவுண்டரில் ஒன்று மட்டும் திறந்திருக்கும் ரயில் நிலையத்திலும் "டிக்கெட் கொடுக்கப்படுகிறது" என்ற பலகை பொய் இல்லையே!

பேட்ச் சைஸ், அதாவது ஒரே தடவையில் மாடலுக்குக் கொடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை, 4 என்று வைத்திருந்தான். மெமரியில் முக்கால்வாசி காலி. 32 ஆக்கி, மிக்ஸட் பிரிசிஷனும் (சில கணக்குகளைக் குறைந்த துல்லியத்தில் போடுவது) போட்டதும் வாட் 150-ஐத் தாண்டியது. சதவீதம் அதே 100. ஒரு ஈபாக் (டேட்டா முழுவதையும் ஒரு சுற்று படிப்பது) முடியும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று வேறு டேட்டாசெட், வேறு தொல்லை. வாட் ஏறுகிறது, உடனே விழுகிறது. கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் 'வாட்ச்' போட்டுப் பார்த்தால் திரை ஒவ்வொரு முறையும் அழிந்து புதிதாக வரும், முந்தைய எண் கண்ணில் நிற்காது. இதற்கு என்விடியா-எஸ்எம்ஐயின் 'டிமான்' தான் சரி. நொடிக்கு ஒரு வரியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். எஸ்எம் பத்தியில் 97, 98, 0, 0, 0, 96, 0, 0 என்று ஓடியது. பக்கத்து ஜன்னலில், சிபியுவின் வேலையைக் காட்டும் எச்டாப்: ஒரே ஒரு கோர் முழுக்க நிரம்பியிருந்தது. எம்பி3 கோப்புகளை ஒரே ஒரு புராசஸ் விரித்துக் கொடுக்கும்வரை கார்டு பசியோடு காத்திருக்கிறது. கார்டுக்கு டேட்டாவை எடுத்துக் கொடுக்கும் டேட்டாலோடரின் வொர்க்கர் (துணைப் புராசஸ்) எண்ணிக்கையை 6 ஆக்கினோம், கோப்புகளையும் முன்கூட்டியே வேவ் ஆக மாற்றிவைத்தோம். பூஜ்யங்கள் போய்விட்டன.

ஏப்ரல் 25, வெள்ளி

"யாரும் எதையும் ஓட்டல, ஆனா 9 ஜிபி நிரம்பியிருக்கு அக்கா." வாட் 15-க்குக் கீழே, மெமரி மட்டும் பிடிபட்டிருக்கிறது. அட்டவணையின் அடியில் இருக்கும் புராசஸ் பட்டியலில் அதன் பிஐடி (புராசஸின் அடையாள எண்) கிடைத்தது. யாரோ புராசஸை முடிக்கும் கன்ட்ரோல்-சி அடிக்க வேண்டிய இடத்தில், அதை இடைநிறுத்தும் கன்ட்ரோல்-இசட் அடித்திருக்கிறார்கள். புராசஸ் சாகவில்லை, உறங்குகிறது. 'கில் -9' கொடுத்ததும் மெமரி விடுபட்டது.

மாடல் எழுத உதவும் பைடார்ச் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். டென்சரை (எண்களின் அடுக்கு) அழித்தாலும் அந்த இடத்தைப் பைடார்ச் தன் கையிருப்பாக வைத்துக்கொள்ளும். எஸ்எம்ஐ காட்டுவது அந்தக் கையிருப்பையும் சேர்த்துத்தான். அதைப் பார்த்து மெமரி லீக் (விடுவிக்கப்படாமல் வீணாகும் மெமரி) என்று அலற வேண்டாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் கட்டளை அடித்தால் டிரைவரும் லைப்ரரியும் பொருந்தவில்லை என்ற பிழை. இரவில் தானியங்கி அப்டேட் வந்து புதிய லைப்ரரியை வைத்திருக்கிறது, லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையம்; முன்பு சொன்ன கெர்னல் வேறு) டிரைவரின் பழைய மாட்யூல். ஓடிக்கொண்டிருந்த டிரெயினிங் முடியட்டும் என்று காத்திருந்து ரீபூட் செய்தேன். சரியாகிவிட்டது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். விடுமுறை என்று ஏசியை நிறுத்திவிட்டார்கள். வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) மூலமாக நுழைந்தால் 85 டிகிரி, கிளாக் (கார்டு ஓடும் வேகம்) வழக்கத்தைவிடக் கீழே, வாட்டும் இறங்கியிருக்கிறது. இங்கே வாட் குறைந்ததற்குக் காரணம் வேலையின்மை இல்லை, சூடு. அதனால்தான் வாட்டையும் வெப்பநிலையையும் ஒன்றாகப் படிக்கச் சொல்கிறேன். என்விடியா-எஸ்எம்ஐயோடு '-கியூ -டி பெர்ஃபாமன்ஸ்' கொடுத்தால் கார்டு ஏன் வேகத்தைக் குறைத்தது என்று அதுவே சொல்லிவிடும். வெப்பத்துக்கான வரியில் 'ஆக்டிவ்' என்றிருந்தது. ரூட் (நிர்வாகி) உரிமையோடு அதே கட்டளைக்கு '-பிஎல் 130' கொடுத்து உச்சவரம்பை 130 வாட்டாக்கினேன். சிறிது நேரத்தில் வெப்பம் 78-க்கு வந்தது. ரீபூட் செய்தால் இந்த வரம்பு போய்விடும், மறுபடி கொடுக்க வேண்டும்.

மே 6, செவ்வாய்

ஏஎம்டி கார்டு வைத்திருக்கும் தோழிக்கு: கார்டின் வேலையைப் பார்க்க உங்களுக்கு ரேடியான்டாப் உண்டு. என்விடாப் போட்டால் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றையும் ஒரே திரையில் வரைபடமாகக் காட்டும்.

அந்த முதலாண்டு மாணவன் இப்போது நேரம், வாட், வெப்பம், மெமரி நான்கையும் 5 நொடிக்கு ஒருமுறை சிஎஸ்வி கோப்பில் எழுத வைத்திருக்கிறான். டிரெயினிங் நடக்கும்போது சராசரி 100 வாட்டுக்குக் கீழே போனால் மெயில் வரும்படி ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறான். மெயிலில் அந்த நேரத்து வெப்பநிலையும் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.