எங்கள் வேலை சென்னைக்குப் போன பிறகு: டிஏஏ உதவி கிடைத்த கதை

2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நான் பணியாற்றிய காப்பீட்டு நிறுவனம், இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் எங்கள் பிரிவு முழுவதையும் சென்னைக்கு மாற்றிவிட்டு எங்களை வேலையிலிருந்து நீக்கியது. அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காணொளி வழியாக வேலை கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதில் பாதி தமிழிலேயே நடந்தது என்பதை நினைத்துச் சிரிப்பதா எரிச்சல்படுவதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டு வர்த்தகத்தால் வேலை இழப்போருக்கு மறுபயிற்சிச் செலவும் வாராந்தர உதவித்தொகையும் வழங்கிய டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ் (டிஏஏ) திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேலைவாய்ப்பு மையத்துக்குப் போனபோது, அங்கிருந்த அலுவலர் படிவத்தைக் கையில் வாங்காமலேயே, "இது தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கானது, எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. சேவைத் துறையினரை 2009ஆம் ஆண்டுச் சட்டம் இத்திட்டத்தில் சேர்த்தது. இடையில் காலாவதியான அந்த உரிமையை 2011ஆம் ஆண்டுச் சட்டம் மீட்டது. ஆனால் 2014 ஜனவரி முதல் பழைய விதியே திரும்பிவிட்டதால், பொருள் உற்பத்தி செய்யும் நிறுவனங்களின் பணியாளர்கள் மட்டுமே தகுதி பெற்றார்கள்.

ஆயினும், பாதிக்கப்பட்ட பணியாளர்கள் மூவர் சேர்ந்தால் மத்தியத் தொழிலாளர் துறைக்கு நேரடியாக மனுச் செய்ய முடிந்ததால், நானும் உடன் பணியாற்றிய இருவரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். சென்னைக் குழுவுக்கு நாங்கள் நடத்திய பயிற்சியின் கால அட்டவணையையும், பிரிவு இடம் மாறுவதை அறிவித்த மின்னஞ்சலையும் மனுவுடன் இணைத்தோம். எதிர்பார்த்தபடியே நிராகரிப்பு வந்தது. நிறுவனம் எந்தப் பொருளையும் உற்பத்தி செய்யவில்லை என்பதே காரணம். வேலை எங்கே போனது என்ற கேள்விக்குள் அவர்கள் நுழையவே இல்லை.

2015 ஜூன் 29 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் சேவைத் துறையினரை மீண்டும் உள்ளே கொண்டுவந்தது. அதற்கும் மேலாக, 2014 தொடக்கத்திலிருந்து பழைய விதியின்கீழ் நிராகரிக்கப்பட்ட மனுக்களைத் துறையே எடுத்து மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அது பணித்தது. நாங்கள் புதிதாக எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. அந்த அலுவலர் பேச்சைக் கேட்டுப் படிவத்தை மடித்து வைத்திருந்தால், மறுபரிசீலனை செய்ய எங்கள் பெயரில் ஒரு மனுவே இருந்திருக்காது. துறை அனுப்பிய வினாப்பட்டியலுக்குப் பதில் சொல்ல நிறுவனம் இழுத்தடித்தது. விசாரணை அதிகாரி எங்களிடம் தொலைபேசியில் விளக்கம் கேட்டபோது, பயிற்சி அட்டவணையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். கடைசியில், எங்கள் குழு உதவிக்குத் தகுதி பெற்றது என்ற சான்றிதழ் வந்தது.

சான்றிதழ் பணியாளர் குழுவுக்குத்தான். அதன் பிறகு ஒவ்வொருவரும் மாநிலத்திடம் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இங்கே இன்னொரு சிக்கல் முளைத்தது. ஆள் வழங்கும் ஏஜென்சி ஒன்றின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு, எங்கள் அலுவலகத்திலேயே எங்கள் வேலையையே செய்த நண்பருக்குக் கடிதம் வரவில்லை, ஏனெனில் சான்றிதழில் அந்த ஏஜென்சியின் பெயர் இடம்பெறவில்லை. இத்தகைய ஒப்பந்தப் பணியாளர்களைச் சேர்த்துச் சான்றிதழைத் திருத்தும்படி துறையிடம் கேட்கலாம் என்பதை மையத்தில் எவரும் அவருக்குச் சொல்லவில்லை. நாங்களே கேட்டு எழுதினோம், திருத்தம் கிடைத்தது.

வாராந்தர உதவித்தொகை வேண்டுமானால், சான்றிதழ் வந்த நாள் அல்லது வேலை போன நாள் ஆகியவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 26 வாரங்களுக்குள் பயிற்சியில் சேர வேண்டியிருந்தது, அல்லது விதிவிலக்கை எழுத்தில் பெற வேண்டியிருந்தது. "கல்லூரி தொடங்கும்போது வாருங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்பக் கூடாது. அதேபோல, பயிற்சிக்கு மாநிலத்தின் ஒப்புதல் வருவதற்கு முன்பே கட்டணம் கட்டிவிட்டால், அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். 50 வயது நிரம்பி, குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்குப் போனவர்கள், சம்பள வித்தியாசத்தில் பாதியை, இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 10,000 டாலர் வரை பெற வழி இருந்தது; எங்கள் குழுவில் அதைக் கேட்டுப் பெற்றவர்கள் மிகச் சிலரே.

2021 ஜூலையில் சேவைத் துறையினர் மறுபடியும் விலக்கப்பட்டார்கள். 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்குச் சான்றளிக்கும் அதிகாரமே துறைக்கு இல்லாமல் போனது. எனினும் அதற்கு முன்பே சான்று பெற்ற குழுவில் இருந்து, அதற்கு முன்பே வேலை இழந்தவர்கள், தங்கள் மனு எண்ணுடன் மாநில அலுவலகத்தை அணுகித் தங்களுக்கு என்ன மீதமிருக்கிறது என்று எழுத்தில் கேட்டுப் பார்க்கலாம்.