பொரானா கிணற்றடியில் மூன்று நாள்

பிப்ரவரி 11, 2025. யாபெல்லோ, தெற்கு எத்தியோப்பியா

"பதினொரு மணிக்குக் கிளம்பலாம்" என்று ஓட்டுநர் நேற்று இரவு சொன்னார். காலையில் நேரம் கிடக்கிறதே என்று பேட்டரிகளைச் சார்ஜில் போடாமல் படுத்துவிட்டேன். விடியுமுன் ஐந்து மணிக்குக் கதவைத் தட்டுகிறார்! எத்தியோப்பியாவில் மணிக்கணக்கு உதயத்திலும் அஸ்தமனத்திலும் தொடங்குகிறது. நமக்கு விடிகாலை ஐந்து, இவர்களுக்கு இரவு பதினொன்று. ஆண்டும் வேறு, இவர்கள் நாட்காட்டியில் இன்று யெகாத்தித் மாதம் 4, 2017. பஞ்சாங்கத்தில் உதயாதி நாழிகை பார்த்து வளர்ந்தவளுக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

பேட்டரி இல்லாததால் இன்று படம் எடுக்கவில்லை. மொயாலே சாலையில் டுப்ளுக் வரை போய், மாடு மேய்க்கும் பொரானா மக்கள் 'துலா' என்று சொல்லும் ஆழக் கிணறுகளை வெறுங்கையோடு பார்த்தோம். நல்லதாகவே போயிற்று. ஒவ்வொரு கிணறும் ஒரு குலத்தின் பொறுப்பு. அன்றாடம் யார் மந்தை எப்போது குடிக்கும் என்று முறை வைப்பவர் 'அப்பா ஹெரேகா'. அவரிடம் அனுமதி கேட்டோம். கேமராவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை பேர், எங்கே நிற்பீர்கள், மாடு மிரளுமா என்றுதான் கேட்டார். "நாளை மூன்றாவது மந்தைக்குப் பிறகு உங்கள் முறை."

பிப்ரவரி 12

மாடுகள் இறங்க நிலத்தைச் சரிவாக வெட்டி நீளப் பாதை போட்டிருக்கிறார்கள். அது முடியும் இடத்தில் மண் பூசிய தொட்டி. அதற்குக் கீழே கிணறு. சில கிணறுகள் 30 மீட்டர் வரை போகுமாம். உள்ளே ஆள்மேல் ஆளாக நிற்கிறார்கள். நிறைந்த வாளி கைமாறி மேலே வரும், காலி வாளி அதே வேகத்தில் கீழே விழும். ஒரு நொடி பிசகினால் கீழே நிற்பவன் தலை. அதனால்தான் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். நம் ஊர் ஏற்றப்பாட்டு போல, பாட்டுதான் கைகளுக்குக் கணக்கு. மேலே நிற்பவரின் முழங்கை வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதையே வெகுநேரம் எடுத்தேன்.

மொழிபெயர்க்க வந்த தம்பி, வேலையை நிறுத்தி இன்னொரு தடவை செய்துகாட்டச் சொல்லலாமா என்றான். வேண்டாம் என்றேன். வறட்சிக் காலத்தில் மாட்டுக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். எனக்காக ஒரு மந்தையைக் காக்க வைக்க நான் யார்?

பால் குடுவையோடு நின்ற ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "மழை பொய்த்தபோது நிறையப் பேர் கேமராவோடு வந்தார்கள். செத்த மாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்." 2020 கடைசியிலிருந்து 2022 கடைசி வரை அடுத்தடுத்து ஐந்து மழைப்பருவம் இங்கே பொய்த்தது. பட்டினியைக் காட்டக் கூடாதென்று நான் சொல்லவில்லை. 1984 அக்டோபரில் வட எத்தியோப்பியாவின் கோரெம் பஞ்ச முகாமில் கென்ய ஒளிப்பதிவாளர் முகமது அமீன் எடுத்த காட்சிகள் வெளியானதால்தான் உலகம் உதவிக்கு ஓடிவந்தது. ஆனால் அதன் பிறகு எத்தியோப்பியக் கிராமம் என்றாலே எலும்பும் தோலும்தான் என்று எடிட்டிங் அறைகளில் பழகிவிட்டது. பஞ்சத்தில் இந்தத் தண்ணீரை அடிதடியில்லாமல் பங்கிட்ட முறையை யாரும் எடுக்கவில்லையே. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பிப்ரவரி 13

காற்று. தூசி. லென்ஸ் மாற்றவே முடியவில்லை. பகலில் உருப்படியாக எடுத்தது இரண்டு ஷாட்.

மாலையில் நேற்றைய ஒலிப்பதிவைக் கிணற்றாட்களுக்குப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனை ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்கு மாற்றிக்கொண்டே கேட்டார்கள். அடியில் நின்று தண்ணீர் மொள்பவர் கடைசியாகக் கேட்டார். முழுதும் கேட்டு முடித்துவிட்டு, "நானும் பாடினேனே, என் குரல் எங்கே?" என்றார். கிணற்று வாயிலேயே மைக்கை வைத்திருந்தேன்; அவர் குரல் மேலே வந்து சேரவேயில்லை.

நாளை, முதல் மந்தைக்கு முன்பே வரச் சொல்லியிருக்கிறார். சின்ன ரெக்கார்டரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு அவரே இறங்குகிறாராம். இந்தத் தடவை எல்லா பேட்டரியும் சார்ஜில் இருக்கிறது.