மணிக்கு வைத்த களி

மே 14
நேற்று ராத்திரி யாருமே தூங்கவில்லை. மணி எங்கள் மாந்தோப்புக் காவல்காரன், எட்டு வயது அல்சேஷன். அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரே வேளைதான், ராத்திரி எட்டரைக்குப் பெரிய ராகிக்களி உருண்டை, மேலே கறிக்குழம்பு. இரண்டே நிமிஷத்தில் விழுங்கிவிட்டு, ஒரு சட்டித் தண்ணீரையும் குடித்து, வேலிப்பக்கம் பன்றி சத்தம் கேட்டதும் பாய்ந்து ஓடினான். பத்தரைக்கு வாசலில் நின்று ஓங்கரித்துக்கொண்டே இருக்கிறான், நுரை எச்சிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. படுப்பான், உடனே எழுவான், தன் வயிற்றையே திரும்பிப் பார்ப்பான். விலாவுக்குப் பின்னால் தட்டினேன், தவில் மாதிரி சத்தம். அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சிக்கொண்டு வந்துவிட்டார். போனில் டாக்டர் சொன்னது: "வாயில எதுவும் ஊத்தாதீங்க, விடியட்டும்னு இருக்காதீங்க, இப்பவே கிளம்புங்க." காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூர் வரை அண்ணன் வண்டி ஓட்ட, மணியின் தலை என் மடியில். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்திருந்தது.

மே 15
பிழைத்துவிட்டான். எக்ஸ்ரேயில் இரைப்பை ஊதியிருந்தது, ஆனால் முறுக்கவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டதும் புளித்த வாடையோடு காற்று வந்தது, வயிறு என் கண்ணெதிரே இறங்கியது. முறுக்கியிருந்தால் இரைப்பையின் இரண்டு பக்கமும் அடைபட்டுவிடுமாம், உள்ளே சேரும் காற்று பெரிய ரத்தக்குழாயை நசுக்கி இதயத்துக்கு ரத்தம் திரும்ப விடாது, மண்ணீரலும் கூடவே திரும்பிக்கொள்ளும். அப்புறம் ஆபரேஷன் ஒன்றுதான் வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள். அல்சேஷன், டாபர்மேன், கிரேட் டேன் போல நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்குத்தான் இது அதிகம்.

மே 18
மனசு ஆறாத ஒரு விஷயம். வயசாகிறதே, கழுத்து வலிக்கக் கூடாதே என்று போன வருஷம் அவன் தட்டை முக்காலி மேல் வைத்தேன். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உயரத்தில் வைத்த தட்டும், அவசரமாகத் தின்பதும், வயதும், நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இது வந்திருப்பதும் ஆபத்தைக் கூட்டுவதாகக் கண்டிருக்கிறார்கள். நல்லது என்று நினைத்துத்தானே செய்தேன். முக்காலியை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

மே 26
இப்போது மூன்று வேளை. அதே அளவு களியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி அகலத் தாம்பாளத்தில் பரப்பி, நடுவில் அவன் வாய்க்குள் போகாத பெரிய கூழாங்கல் ஒன்று. மூக்கால் கல்லைத் தள்ளித் தள்ளித் தின்கிறான், இன்றைக்குப் பதினொரு நிமிஷம் ஆனது. தின்றபின் ஒரு மணி நேரம் கட்டித்தான் போடுகிறேன், முனகுகிறான், முனகட்டும். இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டால், ஊதினாலும் முறுக்குவது அநேகமாக நடக்காது என்றார் டாக்டர். மாங்காய் இறக்கி முடிந்ததும் அதற்குக் கூட்டிப் போகிறோம், அண்ணனும் சரி என்றுவிட்டான்.