ஏலத்துறை: எல்ஃப் துறைமுகத்தை மணலில் இருந்து கட்டுவது எப்படி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் ஆட்டங்களுக்கென வரையும் கற்பனை உலக வரைபடங்களில் துறைமுக நகரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அரைவட்டமாய் ஒரு விரிகுடா, கரையில் வெள்ளைக் கோபுரங்கள், மேட்டில் ட்யூக்கின் கோட்டை, ஓரத்தில் "600 ஆண்டுகளுக்கு முன் எல்ஃப்கள் நிறுவியது" என்று ஒரு வரி (எல்ஃப் என்றால் ஐரோப்பியக் கதைகளில் வரும், பல நூறு ஆண்டு வாழும் மாய இனத்தார்). நாலாவது அமர்வில் யாராவது "இந்த ஊருக்கு விறகு எங்கேயிருந்து வருது?" என்று கேட்டால், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் கையைப் பிசைய வேண்டியதுதான்.

சென்னையில் இருந்துகொண்டு நார்வே விரிகுடாவைக் கடன் வாங்குவது எனக்குப் புரிந்ததே இல்லை. இயற்கைத் துறைமுகமே இல்லாத நேர்க்கோட்டு மணற்கரையில், அலைக்கு நடுவே எழுந்த ஊர் இது. ஆட்டத்துக்கு வேண்டிய சண்டை சச்சரவு அத்தனையும் இந்தக் கரையிலேயே கிடக்கிறது. கீழே ஏலத்துறை என்ற கற்பனை ஊரை அந்த வழியில் கட்டிக் காட்டுகிறேன்.

ஒரு ஏ4 தாளை நிமிர்த்தி வையுங்கள். 1 செ.மீ.க்கு 2 கி.மீ. என்றால் 42 கி.மீ. அகலம், 59 கி.மீ. நீளம் கிடைக்கும். ஒரு ட்யூக்கின் சிற்றரசுக்கு இது தாராளம். வலது ஓரமாக மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தால் அதுதான் கரை, அதற்குக் கிழக்கே கடல். வளைவு, நெளிவு எதுவும் வேண்டாம். நடுவில் ஒரு காயல், அது கடலில் கலக்கும் முகத்துவாரம். பழவேற்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி.

இனி மணல். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை தெற்கில் இருந்து சாய்வாக வந்து மோதும், கரையோர மணல் வடக்கே நகரும். வாடைக் காற்றுக் காலத்தில் இது திரும்பும். நம் மீனவர்கள் நீரோட்டத்தையே தெண்டி, வன்னி என்று திசை வைத்துப் பிரித்துச் சொல்வார்கள். வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆகவே கரையில் இருந்து கடலுக்குள் எதை நீட்டினாலும் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1876-ல் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதைப் பிய்த்துப் போட்டது. கிழக்கே பார்த்த வாயில் மணலும் அலையும் தாங்காமல் போய், பிறகு அதை மூடி வடகிழக்கில் வாயில் வைத்தார்கள். தெற்கே சேர்ந்த மணலில்தான் நாம் மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறோம். வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பாறாங்கல்லைக் கொட்டிக் கரையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை ஆட்ட விதியாக்குவது எளிது. முகத்துவாரத்துக்குத் தெற்கே 5 மி.மீ. நீளத்துக்கு ஒரு அலைத்தடுப்புச் சுவர் வரையுங்கள், அதாவது 1 கி.மீ. ஒவ்வொரு 100 ஆண்டுக்கும் சுவரின் தென்புறம் கரையை 1 மி.மீ. கடலுக்குள் தள்ளுங்கள், வடபுறம் அதே அளவு உள்ளே இழுங்கள். 500 ஆண்டில் மணல் சுவரின் முனையை எட்டிவிடும். அதற்குப் பிறகு மணல் சேர இடமில்லை. முனையைச் சுற்றிக்கொண்டு வந்து நேராக வாயில் விழும். ஊருக்கு வயது 600 என்றால் கடைசி 100 ஆண்டாகத் துறை தூர்ந்துகொண்டிருக்கிறது.

எல்ஃப்கள் முட்டாள்களா? இல்லை. இங்கேதான் பலரும் சோம்பேறித்தனமாக "மாயம் மங்கிவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். மாயத்தைத் தொடாமல் ஒரு காரணம் தருகிறேன். அவர்கள் வந்தது 5 மீட்டர் ஓதம் (கடல் மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம்) ஏறி இறங்கும் பாறைக் கரையில் இருந்து. அங்கே 20 ஹெக்டேர் குளம் வெட்டி மதகு வைத்தால், ஒவ்வொரு ஓதத்துக்கும் 10 லட்சம் கன மீட்டர் நீர் உள்ளே வந்து வெளியே பாயும். அந்தப் பாய்ச்சல் வாயில் சேரும் மணலைத் தானே அள்ளிக்கொண்டு போகும். அதே குளத்தை அதே அளவில் இங்கே வெட்டினார்கள். இங்கே ஓதம் ஒரு மீட்டர் சொச்சம்தான். பாய்வது 2 லட்சம் கன மீட்டர், ஐந்தில் ஒரு பங்கு. மணல் அசையவில்லை. கோடையில் கூவமும் அடையாறும் வாய் அடைத்துக் கிடப்பதும் இந்தப் போதாமையால்தான்: ஆற்றில் நீர் வரத்து இல்லை, ஓதத்துக்கும் வலு இல்லை.

எல்ஃப் நிறுவிய ஊர் என்பதற்கு ஆட்டத்தில் என்ன பொருள்? கட்டியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதுதான். குளம் வெட்டிய பொறியாளர் அம்மாள், ஊர்க்காரர்கள் துறையம்மா என்று அழைப்பவர், தன் 900-வது வயதில் அந்த மதகின் மேல் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கணக்கு தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லப்போவது யார்?

ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் முகத்துவாரத்தின் வாயை வெட்டி விடுகிறார்கள். 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்றால் 270 கன மீட்டர் மணல். ஓர் ஆள் நாளுக்கு 3 கன மீட்டர் வெட்டிக் கூடையில் சுமந்து கொட்டுவார் என்று வைத்தால் 30 பேருக்கு 3 நாள் வேலை. கடல் பக்கத்தில் இருந்து தொடங்கிக் காயல் பக்கம் ஒரு வரப்பை விட்டுவைக்க வேண்டும். மழை முடிந்து காயல் நீர் கடலைவிட உயர்ந்து நிற்கும் நாளில், ஓதம் இறங்கத் தொடங்கும் நேரம் பார்த்து அந்த வரப்பை உடைக்க வேண்டும். மிச்ச அகலத்தை நீரே அறுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஓதம் ஏறும்போது உடைத்தால் கடல் உள்ளே ஏறி, மூன்று நாள் வெட்டியதை ஒரே இரவில் நிரப்பிவிடும். ஆட்டக்காரர்கள் துரத்தப்படும் இரவில் இந்த வரப்பு யார் கையில் இருக்கிறது என்பதை வைத்து ஒரு முழு அமர்வு ஓட்டலாம்.

வாய் திறந்திருந்தாலும் பெரிய கப்பல் உள்ளே வராது. 100 டன் சரக்குக் கப்பலுக்கு 3 மீட்டர் ஆழம் வேண்டும், வெட்டிய வாயில் இருப்பது ஒன்றரை. கப்பல் வெளியே ஒன்றரை கி.மீ. தள்ளி நங்கூரமிடும். சரக்கு மசூலா படகில் கரைக்கு வரும். சென்னையில் துறைமுகம் வருமுன் நடந்தது அதுதான். பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கிப் போடும்போது தையல் வளைந்து கொடுக்கும், ஆணி அடித்த படகு என்றால் பலகை பிளந்துவிடும். தையல் வழியாக நீர் கசியும், ஆகவே இறைக்க ஓர் ஆள் எப்போதும் வேண்டும். படகுக்கு 2 டன் என்றால் 100 டன் இறக்க 50 நடை. 5 படகு, படகுக்கு நாளுக்கு 5 நடை, 2 நாள். அலை அதிகமான நாளில் பூஜ்யம். இந்தப் படகுக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தால் ட்யூக்கின் கஜானா ஒரு வாரத்தில் காலி. கோட்டைக் காவலர்களைவிட இவர்களுக்குத்தான் நகரத்தில் பலம் அதிகம் என்பதை ஆட்டக்காரர்கள் முதல் நாளே உணர வேண்டும்.

எல்ஃப் என்றாலே மரத்தால் பாலம், மரத்தால் படித்துறை என்று எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெதுவெதுப்பான உப்புநீரில் கப்பல் புழு இருக்கும். மேலே ஊசித் துளை மட்டும் தெரியும், உள்ளே மரம் தேன்கூடு மாதிரி ஆகிவிடும். வலுவிழந்த மரத் துறையைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு அடிக்கலாம், துறை முழுக்க அடிக்கச் செம்பு யாரிடம் இருக்கிறது? நீர் மட்டத்துக்குக் கீழே கல், மேலே மரம் என்று வையுங்கள்.

இப்போது அந்த விறகுக் கேள்வி. ஏலத்துறையில் 20,000 பேர். அரிசி ஆளுக்கு நாளுக்கு அரை கிலோ, ஆக தினம் 10 டன். மாட்டு வண்டியில் அரை டன் என்றால் தினம் 20 வண்டி. விளைச்சல் ஏக்கருக்கு அரை டன், அதில் மூன்றில் ஒரு பங்குதான் நகருக்கு மிஞ்சும் என்று போட்டால் சுமார் 22,000 ஏக்கர் நஞ்சை தேவை. நம் தாளில் அது ஏறக்குறைய 22 சதுர செ.மீ., ஏரிகளோடு சேர்த்து வரைந்துவிடலாம். அரிசி பிரச்சினை இல்லை.

விறகுதான் பிரச்சினை. ஆளுக்கு நாளுக்கு ஒரு கிலோ என்றாலும் வருஷத்துக்கு 7,300 டன். மேற்கே இருக்கும் காட்டில் கோடாரி வைக்கக் கூடாது என்பது எல்ஃப் சாசனம், "நிறுவியவர் உயிரோடு இருக்கும் வரை." மனித ராஜாக்கள் கையெழுத்துப் போட்டபோது இதை ஒரு 40 வருஷம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் சுவருக்குத் தெற்கே புதிதாய்ச் சேர்ந்த மணல் இருக்கிறதே! சுவரோரம் 1 கி.மீ. அகலத்தில் தொடங்கி 12 கி.மீ. தெற்கே ஒடுங்கும் முக்கோணம், 6 சதுர கி.மீ., கிட்டத்தட்ட 1,500 ஏக்கர். அங்கே சவுக்கு போடலாம். சென்னையைச் சுற்றிய கடற்கரை மணலில் 19-ஆம் நூற்றாண்டில் சவுக்குத் தோப்புகள் பரவியதே எரிபொருளுக்காகத்தான், ரயில் இன்ஜினுக்கு உட்பட. 5 வருஷத்துக்கு ஒரு வெட்டு, ஏக்கருக்கு 20 டன் என்று ஆட்டக் கணக்கு வைத்தால் வருஷம் 4 டன். 7,300-ஐ 4-ஆல் வகுத்தால் 1,825 ஏக்கர். இருப்பது 1,500. அந்த 325 ஏக்கர் பற்றாக்குறைதான் உங்கள் கதை. எல்ஃப் காட்டில் இரவில் கேட்கும் கோடாரிச் சத்தம் அதுதான்.

அதைவிடப் பெரிய வழக்கு ஒன்று உண்டு. சாசனம் எழுதியபோது இல்லாத நிலம் யாருக்குச் சொந்தம்? கடல் எல்ஃப்களுக்கு, கரை மீனவர்களுக்கு, விளைநிலம் ட்யூக்குக்கு என்று மூன்றே பங்குதான் எழுதியிருக்கிறது. மணல் மூன்றிலும் இல்லை. வலை உலர்த்த மீனவர்கள் அதைக் கேட்கிறார்கள், சவுக்குக்கு ட்யூக் கேட்கிறார், தன் சுவர் பெற்ற பிள்ளை என்று துறையம்மா சொல்கிறார். வடக்கே அரிப்பில் வீடு போன குப்பத்துக்காரர்கள் அங்கே குடியேறிவிட்டார்கள், அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

ட்யூக் யார் என்பதில் ஐரோப்பிய வம்ச மரம் எல்லாம் வேண்டாம். பாளையக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரை நாயக்கர் காலத்து 72 பாளையங்களில் வருமானத்தை மூன்றாகப் பிரித்து, நாயக்கருக்கு ஒன்று, படைக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஏற்பாடு. கப்பல் வராத மாதத்தில் அவர் முதலில் கை வைப்பது படைப் பங்கில். கப்பல் வராத மாதங்கள் எவை என்பதும் தெரிந்ததே: அக்டோபர் நடுவில் தொடங்கி மழை ஓயும் வரை. 1746 அக்டோபரில் சென்னைக்கு முன்னே நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் பட்ட பாட்டை எந்த மாலுமியும் மறக்க மாட்டான்.

நகரின் உள் அமைப்புக்குச் சிலப்பதிகாரத்துப் புகார் நகரையே எடுத்துக்கொள்ளலாம். கடலோரம் மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவே சந்தை. எல்ஃப்கள் பட்டினப்பாக்கத்தில் இருப்பார்கள், கிணறு நல்ல நீராக இருக்கும் இடம் அதுதான். மணற்கரையில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கும். நீர்மட்டம் கடலைவிட 1 மீட்டர் உயரமாக இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர். அரை மீட்டர் இறைத்துவிட்டால் கீழிருந்து 20 மீட்டர் உப்பு ஏறும். சென்னைக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக 1772-ல் ஏழுகிணறு வெட்டியதும் ஊருக்குள் தள்ளித்தான்.

கலங்கரை விளக்கம் 36 மீட்டர் உயரம். உயரத்தின் வர்க்கமூலத்தை 3.6-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும்: 21.6. கப்பல் தளத்தில் நிற்பவர் கண் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் 7.2. ஏறக்குறைய 29 கி.மீ.யில் வெளிச்சம் தெரியும். சென்னையிலேயே விளக்கு கோட்டையில் இருந்து தூணுக்கு, 1894-ல் உயர் நீதிமன்றக் கோபுரத்துக்கு, 1977-ல் மெரினாவுக்கு என்று இடம் மாறியிருக்கிறது. ஏலத்துறையில் யாரும் மாற்றவில்லை. விளக்கு ஒரு கி.மீ. உள்ளே நிற்கிறது. அதை நம்பி வரும் புது மாலுமி கரை இன்னும் ஒரு கி.மீ. இருப்பதாக நினைத்து மணலில் ஏற்றுவான்.

பெயர் விஷயம். எல்ஃப்கள் வைத்தது ஏலாதிரே. திருவல்லிக்கேணி ட்ரிப்ளிகேன் ஆனது, தரங்கம்பாடி டிராங்கேபார் ஆனது, இதுவும் வாய்க்கு வாய் தேய்ந்து ஏலத்துறை ஆனது. கரையில் தினமும் மீன் ஏலம் நடப்பதால் பெயரே அதில் இருந்து வந்தது என்று ஊரே சத்தியம் செய்யும். திருத்தப் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள்.

முதல் காட்சியை அரண்மனையில் வைக்காதீர்கள். சவுக்குத் தோப்புக்கு நடுவே, அலைச் சத்தம் லேசாகக் கேட்கும் தூரத்தில், இடுப்புயரத்துக்கு வரிசையாகக் கல்தூண்கள். ஒவ்வொன்றிலும் விரல் பதியும் அளவு பள்ளம், கப்பல் கயிறு உரசி உரசித் தேய்ந்தது. அவற்றில் ஒன்றில் ஒரு வெள்ளாடு கட்டியிருக்கிறது.