பிரைட்டன்: கடற்கரையிலிருந்து சத்ரி வரை

லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பிரைட்டன் வந்துவிடுகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் குயின்ஸ் சாலை நேராகக் கடலை நோக்கி இறங்குகிறது. கூட்டம் போகிற போக்கில் நடந்தாலே கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பெரும்பாலானோர் கடலுக்குள் நீளும் நடைமேடையான பியரைப் பார்த்து, மீனும் சிப்ஸும் சாப்பிட்டுவிட்டு மாலை ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். அது இனிமையான நாள்தான் என்றாலும், இந்தியாவிலிருந்து போகும் ஒருவர் அவசியம் பார்க்க வேண்டிய பிரைட்டன் அந்த வழியில் கண்ணில் படுவதே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கடற்கரை. மெரினாவின் மணலில் நடந்து பழகிய கால்களுக்கு இந்தக் கரை சற்றுக் கடினமானது. இங்கே மணலுக்குப் பதிலாகக் கூழாங்கற்கள் மேடு மேடாகக் குவிந்து கிடக்கின்றன. சுண்ணாம்புப் பாறைகளுக்குள்ளிருந்து வெளிப்பட்ட சிக்கிமுக்கிக் கற்கள் இவை. அலைகள் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய பழுப்பும் சாம்பலுமான கற்களுக்கிடையே, நடுவில் துளை விழுந்த கல்லும் தேடினால் கிடைக்கும். அலை கரையேறும்போது எழும் ஓசையைவிட, அது பின்வாங்கும்போது ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் சலசலப்புதான் காதில் நிற்கிறது. கற்கள் மேற்கிலிருந்து கிழக்காகத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருப்பதால், அவற்றைத் தடுத்து நிறுத்தக் கடலுக்குள் நீளும் தடுப்புச் சுவர்களைக் கட்டியிருக்கிறார்கள்.

மீனவர் குடியிருப்பாக இருந்த இந்த ஊரின் தலையெழுத்தை மாற்றியவர் ஒரு மருத்துவர். அருகிலுள்ள லூயிஸ் என்ற ஊரைச் சேர்ந்த ரிச்சர்ட் ரசல், கடல்நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் சுரப்பி நோய்களைப் போக்கும் என்று வாதிடும் ஆய்வுரையை 1750 இல் லத்தீனில் வெளியிட்டார். செல்வந்தர்கள் கடல் குளியலுக்கு வரத் தொடங்கினார்கள். 1783 இல் வேல்ஸ் இளவரசரும் வந்தார். 1841 இல் லண்டனிலிருந்து ரயில் பாதை வந்த பிறகு, சாதாரண மக்களுக்கும் இந்தக் கடல் எட்டும் தூரத்துக்கு வந்தது.

அந்த மக்களுக்காக எழுந்தவைதான் கரையோரக் காட்சிகள். 1899 இல் திறக்கப்பட்ட பேலஸ் பியர், இரும்புத் தூண்களின் மேல் அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. பலகைத் தளத்தின் இடுக்குகள் வழியே காலுக்கடியில் அலை புரள்வதைப் பார்த்தபடி நடக்கலாம். மேற்கே சிறிது தூரத்தில், பொறியாளர் யூஜினியஸ் பர்ச்சின் வடிவமைப்பில் 1866 இல் திறக்கப்பட்ட வெஸ்ட் பியரின் இரும்பு எலும்புக்கூடு மட்டும் நீருக்குள் நிற்கிறது. 1975 இல் மூடப்பட்ட அது, 2002 இல் புயலிலும் 2003 இல் தீயிலும் சிதைந்தது. குளிர்கால மாலைகளில் ஸ்டார்லிங் பறவைகள் பெருங்கூட்டமாக வந்து, அடையும் முன் வானத்தில் புகைபோலச் சுருண்டு விரிகின்றன. நவம்பருக்குப் பிறகு போகிறவர்கள் சூரியன் மறையும் நேரத்தில் கரையில் இருப்பது நல்லது.

பேலஸ் பியருக்கு எதிரிலுள்ள மீன் காட்சியகமும் பர்ச்சின் படைப்புதான். 1872 இல் திறக்கப்பட்டு இன்றும் இயங்கிவருகிறது. அங்கிருந்து சற்றுக் கிழக்கே, மாக்னஸ் வோல்க் 1883 இல் தொடங்கிய சிறிய மின்சார ரயில் ஓடுகிறது. உலகில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயில்களில் இதுவே மிகப் பழையது. கோடைப் பருவத்தில் மட்டும் இயங்கும் அந்த மரப்பெட்டிகளில் குழந்தைகளை அவசியம் ஏற்றிச் செல்லுங்கள். லேன்ஸ் எனப்படும் பழைய நகரத்தின் குறுகிய சந்துகளும் அவற்றின் நகைக்கடைகளும் ஒரு மணி நேர உலாவுக்குப் போதுமானவை.

ஆனால் இந்த நகரத்தின் நெஞ்சம் ராயல் பெவிலியன்தான். 1783 இல் வந்த அதே இளவரசர், பின்னர் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர், கட்டிய கடற்கரை மாளிகை அது. முதலில் ஹென்றி ஹாலண்ட் கட்டிய அடக்கமான வீட்டின் மேல், 1815 முதல் 1822 வரை ஜான் நாஷ் வார்ப்பிரும்புச் சட்டகம் ஒன்றை ஏற்றி, குமிழ் மாடங்களும் மினாரெட்டுகளும் கல் சாளர வேலைப்பாடுகளுமாக இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். அதற்கு முன்பே, 1803 இல் தொடங்கி, வில்லியம் போர்டன் இளவரசரின் குதிரைகளுக்காக மாபெரும் குவிமாடம் கொண்ட லாயத்தை இந்தியப் பாணியில் எழுப்பியிருந்தார். இன்று அது கச்சேரி அரங்கமாக இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பெவிலியனின் முகப்பு உடனே பரிச்சயமாகத் தோன்றும். ஆனால் காலவரிசை நாம் நினைப்பதற்கு மாறானது: 1892 இல் முடிந்த நம் நீதிமன்றத்துக்கு எழுபது ஆண்டுகள் முன்பே இது எழுந்து நின்றுவிட்டது. ஜார்ஜ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் இந்தியா முழுவதும் சுற்றி வரைந்து அச்சிட்ட படங்களே இந்தப் பாணிக்கு ஊற்றுக்கண். தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையின் நாயக்கர் அரண்மனையையும் வரைந்தவர்களும் இவர்களேதான்.

வெளியே இந்தியா என்றால் உள்ளே சீனக் கனவு. விருந்து மண்டபத்தின் குவிமாடத்தில் வரையப்பட்ட பெரிய வாழையிலைகளுக்கு அடியில், வெள்ளி நிறச் சிறகு விரித்த யாளி போன்றதொரு டிராகன், சுமார் ஒரு டன் எடையுள்ள சரவிளக்கைத் தன் நகங்களில் பிடித்துத் தொங்குகிறது. சமையலறையின் இரும்புத் தூண்களுக்கு உச்சியில் செப்புத் தகட்டால் பனையோலை செய்து வைத்திருக்கிறார்கள். இவற்றை ரசிக்கத் தயங்க வேண்டியதில்லை. கைவினையின் நேர்த்தி உண்மையானது. விக்டோரியா அரசிக்கு இந்த மாளிகை பிடிக்காமல் போனதால், 1850 இல் நகரமே இதை 53,000 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

கற்பனை இந்தியா இப்படி எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், உண்மையான இந்தியர் ஒருவர் அருகிலேயே வாழ்ந்தார். பாட்னாவில் 1759 இல் பிறந்த ஷேக் தீன் முகமது, 1814 இல் பிரைட்டனுக்கு வந்து, கடற்கரையில் மூலிகை நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் அளிக்கும் குளியலகத்தை நடத்திப் பெரும் புகழ் பெற்றார். நான்காம் ஜார்ஜும் அடுத்து வந்த நான்காம் வில்லியமும் அவரைத் தங்கள் பணியில் நியமித்துக்கொண்டார்கள். 1851 இல் இறந்த அவருடைய கல்லறை புனித நிக்கோலஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்ட முதல் இந்தியரும் இவரே.

நூறு ஆண்டுகள் கழித்து இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், காயம்பட்டு. முதல் உலகப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் போரிட்ட இந்தியப் படைவீரர்களுக்காக, 1914 டிசம்பரிலிருந்து 1916 தொடக்கம் வரை பெவிலியன் மருத்துவமனையாக்கப்பட்டது. சரவிளக்குகளுக்கு அடியில் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன. சமய, சாதி வழக்கங்களைக் காக்க ஒன்பது சமையலறைகளும், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்களும் அமைக்கப்பட்டன. 1915 ஆகஸ்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இங்கேதான் ஜமேதார் மீர் தஸ்துக்கு, போர் வீரத்துக்கான மிக உயரிய பிரிட்டிஷ் விருதான விக்டோரியா சிலுவையை வழங்கினார். இந்தப் பராமரிப்பின் படங்களை அஞ்சலட்டைகளாக அச்சிட்டுப் பரப்பியதில் அரசின் பிரசார நோக்கமும் இருந்தது. எல்லோருக்கும் அரண்மனை வாய்க்கவும் இல்லை: பலர் படுத்திருந்தது ஏழைகள் விடுதியாக இருந்த கட்டடத்தில். கிட்ச்னர் மருத்துவமனை என்று பெயர் பெற்ற அங்கே, வெளியே நடமாடக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அந்த அக்கறையையும் இந்த வேலியையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும். பெவிலியனின் தெற்கு வாயிலாக நிற்கும் இந்தியா கேட், இந்திய மக்களின் நன்றிக் காணிக்கையாக 1921 இல் பாட்டியாலா மகாராஜா திறந்துவைத்தது. பலரும் அதனடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அது எதற்காக நிற்கிறது என்று தெரியாமலேயே கடந்துவிடுகிறார்கள்.

பிழைக்காதவர்களில் இந்துக்களும் சீக்கியர்களுமான 53 பேர், நகருக்கு வடக்கே பேட்சம் பகுதியின் மேய்ச்சல் குன்றில் எரியூட்டப்பட்டார்கள். முஸ்லிம்கள் வோக்கிங் நகருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்கள். எரியூட்டிய இடத்தில் எட்டுத் தூண்களின் மேல் குவிமாடம் தாங்கிய வெண்பளிங்கு மண்டபம் ஒன்று 1921 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்டது. அதுதான் சத்ரி. பம்பாயைச் சேர்ந்த இ. சி. ஹென்ரிக்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். சிதை எரிந்த மேடைகளை மூன்று கருங்கல் பலகைகள் மூடியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் இந்தக் குன்று ராணுவப் பயிற்சிக்கு எடுக்கப்பட்டபோது பளிங்கு குண்டுபட்டுச் சேதமடைந்து, பின்னர் சீர்செய்யப்பட்டது. 53 பேரின் பெயர்களும் தாங்கிய கல் 2010 இல்தான் வைக்கப்பட்டது என்பது எனக்கு மிகவும் தாமதமாகவே படுகிறது. ஊரின் குவிமாடங்கள் ஒரு மன்னரின் ஆசைக்காக எழுந்தவை. குன்றின் மேலுள்ள இந்த ஒன்று மட்டுமே இந்தியர்களுக்காக எழுந்தது.

சத்ரி வரை வண்டிப் பாதை கிடையாது. பேட்சம் செல்லும் நகரப் பேருந்தில் போய் இறங்கி, புறவழிச் சாலையைக் கடந்து, ஆடு மேயும் புல்வெளிகள் வழியாக ஏறி நடக்க வேண்டும். மழைக்குப் பின் பாதை சேறாகிவிடும் என்பதால் நல்ல காலணி தேவை. கடையோ நிழலோ வழியில் இல்லை என்பதால் தண்ணீரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், காலையில் முதலில் சத்ரிக்குப் போய்விட்டு, மதியம் பெவிலியனுக்குள் நுழைந்து, கடைசியாகக் கடற்கரைக்கு வருவதே சரியான வரிசை. அந்தப் பெயர்களைப் படித்த பிறகு விருந்து மண்டபத்தில் நிற்கும்போது, அங்கே கட்டில்கள் கிடந்த காட்சி தானாகவே மனத்தில் எழும். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் சத்ரியில் நினைவஞ்சலி நடக்கிறது. அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் இருக்கப்போகிறவர்கள், நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு பயணத்தை அமைத்துக்கொள்ளலாம்.