ஒற்றைக் கொலுசு

இன்று காலை கடலூர் முதுநகரில் எனக்குச் சங்கரா மீன் ஆய்ந்து கொடுத்த ஆயாவின் வலது காலில் தேய்ந்த வெள்ளிக் கொலுசு ஒன்று கிடந்தது.

இடது காலில் இல்லை. கணுக்காலே தெரியாத அளவுக்கு அது வீங்கியிருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்தவர், "இந்தக் கால்ல கொலுசு ஏறி இருபது வருஷம் ஆவுது கண்ணு" என்று சொல்லிவிட்டுச் செதில் சுரண்டுவதைத் தொடர்ந்தார்.

யானைக்கால் நோயைத் தரும் புழுக்களுள் ஒன்றான புரூஜியா மலாயியின் மரபணுத் தொகுப்பு 2007-இல் வெளியானது. ஏறத்தாழ 9 கோடி டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட அந்தத் தொகுப்பில், ஹீம் என்னும் இரும்புச் சேர்மத்தைத் தயாரிக்கத் தேவையான மரபணுக்களுள் பெரும்பாலானவை இல்லை.

அவை அந்தப் புழுவின் உடலுக்குள் குடியிருக்கும் வோல்பாகியா என்ற பாக்டீரியாவிடம் இருக்கின்றன. நம் உடலில் ஒட்டுண்ணியாக வாழும் புழு, தன் வீட்டில் இன்னொரு குடித்தனத்தை வைத்துக்கொண்டு, அதை நம்பியே பிழைக்கிறது!

டாக்சிசைக்ளின் என்ற பழைய மருந்தைச் சில வாரங்கள் கொடுத்தால் பாக்டீரியா அழிகிறது. புழு மலடாகி, மெல்ல மடிகிறது. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாத, வாரக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரையை ஊர் முழுவதற்கும் கொடுக்க முடியாது என்பதே சிக்கல்.

பக்கத்துப் புதுச்சேரியில், 1975-இல் தொடங்கிய வெக்டர் (நோய் பரப்பும் பூச்சிகள்) கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில், இந்த நோயைப் பரப்பும் கொசுக்களை அரைத்து அவற்றில் புழுவின் டிஎன்ஏ இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

ஆயாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. இன்னொரு கொலுசு எங்கே என்று மட்டும் கேட்டேன்.

பேத்திக்கு மோதிரமாக்கிவிட்டாராம்.