மன்றோவும் ரிலீவிங் ஆர்டரும்

மே 27
வரவில்லை.

மே 29
மாற்றல் ஆர்டர் கையில் இருக்கிறது. என் இடத்துக்கு ஆள் வராமல் விடமாட்டார்களாம். பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்று அவள் பையனோடு தாம்பரம் போய்விட்டாள். இரவில் துணைக்கு, அந்தக் காலத்துச் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ. அர்பத்நாட் என்பவர் 1881-இல் தொகுத்த அவருடைய மினிட்ஸ், அதாவது ஆபீஸ் குறிப்புகள், இரண்டு பாகம். ஆந்திராவில் குத்தி என்கிற இந்த ஊரின் கோட்டையடிக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்ததிலிருந்து இந்தப் பைத்தியம்.

ஜூன் 3
1823-லேயே மன்றோ, என்னை விடுவியுங்கள் என்று லண்டனுக்கு எழுதிவிட்டார். அடுத்த வருஷம் பர்மா யுத்தம். சரி, முடியட்டும் என்று இருந்தார். 1826 பிப்ரவரியில் முடிந்தது. மார்ச்சில் மனைவி ஜேன் உடம்பு சரியில்லாத சின்னப் பையனோடு கப்பலேறினார். மாற்று ஆள் லஷிங்டன் பதவியேற்றது 1827 அக்டோபரில்!

ஜூன் 4
அக்டோபர்.

ஜூன் 10
1826 மார்ச் 10 மினிட்டைத் திரும்பவும் படித்தேன். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,28,50,941 ஜனங்கள். கடைசி ஒன்றைக்கூட விடவில்லை மனுஷன். 67 பேருக்கு ஒருவர்தான் படிக்கிறார் என்று கணக்கு வருகிறது. அதோடு விடாமல், வீட்டிலேயே படிக்கிறவர்களையும் சேர்க்க வேண்டும், ஆண்பிள்ளைகளை மட்டும் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்கிறார். பெண்டாட்டி பிள்ளை ஊருக்குப் புறப்படும் மாதத்தில் எழுதியது இது! ஒரு வரியிலாவது அது தெரிகிறதா? கிண்டி வீடு வெறிச்சென்று கிடப்பதெல்லாம் ஜேனுக்குப் போட்ட கடிதத்தில்தான். அதை ஆபீஸ் ஃபைலில் தேடினால் கிடைக்காது. என்னுடைய விண்ணப்பத்திலும் ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்பதோடு சரி.

ஜூன் 11
எரிச்சல். 1822-இல் பத்திரிகைச் சுதந்திரம் கூடாது என்று எழுதியிருக்கிறார். அந்நியர் ஆட்சியும் அதுவும் சேர்ந்து நிற்காதாம். ஆட்சி அந்நியருடையது என்று ஒப்புக்கொள்கிற யோக்கியதை மட்டும் இருக்கிறது.

ஜூன் 17
பையனுக்குக் காய்ச்சல்.

ஜூன் 18
இறங்கிவிட்டது. அவள் குரல்தான் இறங்கவில்லை.

ஜூன் 24
1800 முதல் 1807 வரை இந்த ராயலசீமையில் கலெக்டராக இருந்தவர். லஷிங்டன் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, 1827 மே கடைசியில் பழைய ஜனங்களிடம் சொல்லிக்கொண்டு போகக் கிளம்பினார். எங்கும் காலரா. ஜூலை 6, பத்திகொண்டா. குத்தியில் புதைத்தார்கள். 1831-இல்தான் எடுத்துப்போய்ச் சென்னைக் கோட்டை புனித மேரி தேவாலயத்தில் வைத்தார்கள். இங்கிருந்து சென்னைக்கு மாற்றல் வர கவர்னருக்கே நாலு வருஷம்.

இதை போனில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “அந்த வெள்ளைக்காரனை மூடி வச்சிட்டு இன்னொரு மெயில் போடுங்க.”

போட்டேன்.

ஜூன் 28
ஆள் வருகிறாராம்! கடப்பாவிலிருந்து, திங்கட்கிழமை. எங்கள் வீட்டில் அவருக்கு லஷிங்டன் என்றே பெயர் வைத்தாயிற்று. அட்டைப்பெட்டிக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 30
லஷிங்டன் மெடிக்கல் லீவு.